மண்ணில் ஊன்றும் கால்

விபத்தினாலோ நீரிழிவுப் புண்ணினாலோ காலை இழந்த உழவர்க்கு நாம் செய்யக்கூடியது என்ன? கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடுவோர் சேற்றில் இறங்க வேண்டும். களையெடுக்கக் குந்த வேண்டும். சம்மணமிட்டு உண்ண வேண்டும். இவற்றுக்கு இசையாத செயற்கைக் கால் மூலையில் சார்த்தி வைக்கத்தான் உதவும்.

இக்குறையைத் தீர்த்தவருள் ஒருவர் கைவினைக் கலைஞர் என்பது நாம் கருதத்தக்கது. மேனாட்டுக் கால், பூட்ஸுக்குள் மறைவதற்கும் நாற்காலியில் அமர்வோர்க்கும் ஏற்பச் செய்யப்பட்டது. ஆதலின், 1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில், ராம் சந்திர சர்மா என்னும் கலைஞரும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் புதிய பாதமொன்றை உருவாக்கினர். இதுவே ‘ஜெய்ப்பூர் கால்’. சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது.

இதன் அமைப்பு எளியது. உள்ளே மரக்கட்டையும் மெத்தென்ற ரப்பரும் வைத்து, மேலே தோல் நிற ரப்பர் போர்த்தி, அச்சிலிட்டு வேகவைக்கின்றனர். விரல்களும் நகங்களும் இயற்கைப் பாதம் போலவே அமைகின்றன. பாதம் பல திசையிலும் வளைவதால் வெறுங்காலுடன் வரப்பில் நடக்கலாம். எஞ்சிய காலுக்கு மாவுக்கட்டால் அச்செடுத்து, அவ்வளவுக்கேற்பப் பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கிப் பொருத்துகின்றனர். அது நம் கழனிக்கு நீர் கொணரும் குழாயின் இனமே. 1975-இல் ஜெய்ப்பூரில் தோன்றிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இக்காலை இலவசமாக வழங்கி வருகிறது.

கால் பொருந்துவதற்கு வீட்டார் கவனிக்க வேண்டியவை சில உள:

1. முழங்காலுக்குக் கீழ் எடுக்கப்பட்டிருப்பின், அதன் அடியில் தலையணை வைத்து மடக்கிக் கிடத்தலாகாது. மூட்டு மடங்கியே இறுகிவிடின் கால் பொருத்துவது அரிதாகும்.

2. புண் ஆறியபின் மருத்துவர் காட்டியவாறு கட்டுத்துணி சுற்றி, வீக்கம் வடியச் செய்தல் வேண்டும்.

3. கால் பொருத்திய பின், நாள்தோறும் தோலைப் பார்த்தல் வேண்டும். சிவப்போ கொப்புளமோ கண்டால் காலைக் கழற்றி வைத்து, பொருத்தியவரிடம் காட்டுக.

4. நீரிழிவு உடையோர் மற்றைப் பாதத்தையும் காத்தல் இன்றியமையாதது.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் கால் இழந்தோரைக் கணக்கெடுத்து, திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லல் நலம். திண்ணையில் ஒடுங்கியிருப்பவர் மீண்டும் ஏர் பிடிப்பாராயின், அதனினும் சிறந்த ஊர்ப்பணி வேறில்லை.