பழைய வண்டியின் என்ஜினைத் திறப்பதற்கு முன்

நம் சங்கக் குடும்பங்களில் சொந்தத் தொழில் செய்வோர் பலர் உள்ளனர். இட்லி மாவு விற்போர், சமையல் காண்டிராக்ட் எடுப்போர், காய்கறி மொத்த வியாபாரம் செய்வோர் ஆகியோருக்கு ஒரு சிறிய பிக்கப் வண்டி அவசியத் தேவையாகிறது. புது வண்டி விலை கட்டாதபோது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய டீசல் வண்டியை மலிவாக வாங்குகிறார்கள். வாங்கிய மூன்றாம் மாதமே என்ஜின் தகராறு செய்யும். மிஸ்திரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ஜின் பைட் கயா, ஃபுல் என்ஜின் கர்னா படேகா" என்பார். வண்டிக்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் பட்டறைக்குப் போய்விடும்.

மலிவாக வாங்கியவர்கள் பெரும்பாலும் நட்டப்படுவது வாங்கிய இடத்தில் அல்ல. சோதிக்காமல் என்ஜினைப் பிரித்த இடத்தில்தான். ஆகவே, பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளை வரிசையாக எழுதுகிறேன். இவற்றை நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. மிஸ்திரி செய்யும்போது அருகில் நின்று கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

1. அடிப்படை

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ 17 முதல் 22 மடங்கு வரை நெருக்குகிறது. அதனால் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சமயத்தில் இன்ஜெக்டர் டீசலைப் புகைபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. எனவே ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: நெருக்கம், அதாவது கம்ப்ரெஷன் போதவில்லை, அல்லது டீசல் சரியான அளவில், சரியான நேரத்தில் வரவில்லை. முதலாவதற்குத்தான் என்ஜினைத் திறக்க வேண்டியிருக்கும். இரண்டாவதற்குத் திறக்கவே தேவையில்லை.

2. கண்ணால் பார்க்கும் சோதனை

கறும்புகை: டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடுத்து இன்ஜெக்டர்.

நீலப்புகை: என்ஜின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது நேரம் மட்டும் வந்தால் வால்வு சீலின்மேல் சந்தேகம். பாரம் ஏற்றி ஓடும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங், போர் ஆகியவற்றின்மேல் சந்தேகம். டர்போ உள்ள வண்டியில் அதையும் பார்க்க வேண்டும்.

வெண்புகை: எரியாத டீசல் அல்லது தண்ணீர் ஆவி. டீசலாக இருந்தால் கண் எரியும். ரேடியேட்டரில் தண்ணீரும் தொடர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதன் பிறகு வண்டியை ஓட்டக் கூடாது. ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும். அதில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, என்ஜினை ஓடவிட்டால் விடாமல் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள்.

இரயில்வே லோகோ ஷெட்டில் 16 சிலிண்டர் கொண்ட டபிள்யூடிஎம்-2 என்ஜினை ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆயில் சாம்பிளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங் தேய்கிறது. இரும்பும் குரோமியமும் கூடினால் லைனர், ரிங் பக்கம் தேய்மானம். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது என்று அறிவோம். உங்கள் வண்டிக்கு அவ்வளவு வேண்டாம். ஆயில் மாற்றும்போது வடியும் ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். செம்பு நிறப் பொடி மின்னினால் பேரிங் கவலைக்கிடம்.

3. எந்தச் சிலிண்டர்?

பழைய வகைப் பம்ப் உள்ள வண்டியில் இது எளிது. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்தி, பிறகு இறுக்க வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் என்ஜின் தடுமாறும். தளர்த்தியும் ஓசை மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்று பொருள்.

இனி, அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். கோளாறும் இடம் மாறினால் குற்றம் இன்ஜெக்டருடையது. பம்ப் ரூமில் சோதித்து நாஸிலை மாற்றினால் வேலை முடிந்தது. கோளாறு அதே இடத்தில் நின்றால் கம்ப்ரெஷனைப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: காமன் ரெயில் முறை வண்டிகளில் ஒருபோதும் இப்படி நட்டைத் தளர்த்தக் கூடாது. அங்கே டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகும். அவற்றை ஸ்கேனர் வைத்தே சோதிக்க வேண்டும். எந்த வண்டியிலும் இன்ஜெக்டர் தூவலின் எதிரே கையை நீட்டாதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

4. கம்ப்ரெஷனும் காற்றும்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். கணவனும் மனைவியும் மாவரைத்துக் கடைகளுக்குப் போடுபவர்கள். நகையை அடகு வைத்து நான்கு சிலிண்டர் பிக்கப் ஒன்றை வாங்கினார்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம், இழுவை இல்லை, வெண்புகை. பட்டறையில் ஃபுல் என்ஜின் என்று சொல்லி எழுபதாயிரம் ரூபாய் கேட்டார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: "கௌன்ஸா சிலிண்டர் கம்ஸோர் ஹை என்று கேளுங்கள். எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்."

நட்டைத் தளர்த்திப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர். இன்ஜெக்டரை மாற்றியும் அதேதான். கம்ப்ரெஷன் கேஜில் நான்கு சிலிண்டருக்கும் கிடைத்த எண்கள், சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில்: 27, 28, 14, 27. மற்ற மூன்றும் நன்றாக இருக்கும்போது நான்கையும் மாற்றுவானேன்?

அடுத்து டாப்பெட் இடைவெளியைப் பார்த்தோம். டாப்பெட் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் போய்விடும். ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் கொண்டு அரை மணியில் சரி செய்யலாம். இந்த வண்டியில் அது சரியாகவே இருந்தது.

பிறகு காற்றுச் சோதனை. அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் முடியும் உச்சிக்குக் கொண்டுவந்து, வண்டியைக் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, இன்ஜெக்டர் துளை வழியாகப் பங்க்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றை விட வேண்டும். கிராங்க் சுழன்றுவிடலாம், ஃபேன் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. காற்று எங்கே ஒழுகுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் பலமாகச் சீறினால் ரிங் அல்லது போர். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல்.

அந்த வண்டியில் சைலன்ஸரில் சீறியது. ஹெட்டை மட்டும் கழற்றி, எரிந்துபோன எக்ஸாஸ்ட் வால்வையும் அதன் கைடையும் மாற்றி, சீட்டைப் பிடித்து, புது கேஸ்கட் போட்டார்கள். கிராங்கைத் தொடவில்லை. கேட்ட தொகையில் கால் பங்குக்குள் வேலை முடிந்தது.

5. ஹெட்டைத் திறந்த பின்

ஹெட்டின் அடிப்பரப்பில் நேரான எஃகு அளவுகோலை வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். கம்பெனிப் புத்தகம் சொல்லும் எல்லையைத் தாண்டினால் மட்டுமே லேத் பட்டறைக்கு அனுப்பலாம். சிலிண்டர் சுவரின் மேல்முனையில் நகத்தால் தடவிப் பாருங்கள். படிபோல் தட்டினால் போர் தேய்ந்திருக்கிறது. அப்போதும் "போர் போச்சு" என்ற சொல்லை ஏற்காமல் மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும் மில்லிமீட்டரில் அளவு கேளுங்கள்.

கேஸ்கட்டை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் கொண்டே இறுக்க வேண்டும். கைப்பதம் போதும் என்று சொல்பவரிடம் ஹெட்டை ஒப்படைக்காதீர்கள்.

ஃபுல் என்ஜின் எப்போது நியாயம்? எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் குறைந்து, ஆயில் வாயில் புகை தள்ளி, ஆயில் செலவும் கூடியிருந்தால் ரிங், லைனர் வேலை தேவைதான். ஆயில் அழுத்தம் இறங்கி அடியில் 'டொக் டொக்' என்று தட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். கிராங்க், பேரிங் வேலையைத் தள்ளிப் போட முடியாது.

6. காகிதமும் முக்கியம்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது கூடுதல் கவலை. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். கடன் பாக்கி நீக்கப்பட்டதா என்பதையும் கவனியுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநில வண்டியை இங்கு 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். வர்த்தக வண்டிக்கு எட்டு ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் ஃபிட்னஸ் சான்று தேவை. தில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. அதன்பின் நீதிமன்ற உத்தரவுகள் பலமுறை வந்துவிட்டன. அங்குள்ள அன்பர்கள் அன்றைய நிலவரத்தைக் கேட்டறிந்த பின்பே முன்பணம் கொடுக்கவும்.

கடைசியாக, வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், கம்ப்ரெஷன் எண்கள், மாற்றிய உதிரிகள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். அடுத்த முறை "ஃபுல் என்ஜின்" என்ற பேச்சு எழும்போது, பட்டறைக்கு அந்த நோட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.