பட்டணம் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

மெட்ராஸில் எந்த பஸ் எங்கே போகும் என்று பட்டியல் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் எழுபது என்று கண்ணில் பட்டதில் ஏறிவிடுவாய். டி70 வேளச்சேரியோடு நின்றுவிடும். 570 அதையும் தாண்டி ஓ.எம்.ஆருக்குப் போகும். முன்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்க்கிற பொறுமை உனக்கு ஏது?

முதலில் ரயில் பாதையைத் தெரிந்துகொள். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்: கடற்கரை – தாம்பரம் லோக்கல்தான் அங்கே காவிரி. 1931-லிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. 2015-ல் வந்த மெட்ரோ, 1934-ல் வெட்டி முடித்த நம் புது ஆறு. பஸ்ஸெல்லாம் வாய்க்கால். ஆற்றை விட்டு வாய்க்காலிலேயே ஊர் சுற்றினால் கத்திப்பாரா நெரிசலில் பாதி நாள் போய்விடும். ஹாஸ்டலையும் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் பார். வாடகை கூடுகிறதே என்று உன் அப்பா இழுப்பார்; அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

"பெண்களுக்குத்தான் பஸ்ஸில் காசே இல்லையே மாமா?" என்பாய். 2021-லிருந்து இல்லைதான். ஆனால் சாதாரண பஸ்ஸில் மட்டும். டீலக்ஸில் ஏறிவிட்டு கண்டக்டரிடம் சட்டம் பேசாதே. காசில்லாத பயணத்துக்கும் டிக்கெட் உண்டு, கேட்டு வாங்கு. பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க முக்கால் மணி நேரம் நின்று முதல் வகுப்பைக் கோட்டை விடுவது எனக்குச் சிக்கனமாகத் தெரியவில்லை.

ரயிலிலும் ஒரு வம்பு இருக்கிறது. காலை எட்டரைக்கு வண்டி பிதுங்கி வரும். ஒரு பெட்டி மட்டும் காற்றாட இருக்கும். அதிர்ஷ்டம் என்று தாவி ஏறுவாய், உன்னைத் தெரியாதா? அது ஃபர்ஸ்ட் கிளாஸ். உன் கையில் இருப்பதோ செகண்ட் கிளாஸ் சீசன் டிக்கெட். பரிசோதகர் 250 ரூபாய்க்குக் குறையாமல் தீட்டிவிடுவார். லேடீஸ் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள். சீசனுக்கு மாணவர் சலுகை உண்டு. காலேஜில் கையெழுத்து வாங்கக் கூச்சப்படாதே.

முதல் நாள் உழவன் எக்ஸ்பிரஸில்தானே வருகிறாய்? எழும்பூர் வரை தூங்காதே. கிண்டியில் இருக்கிற காலேஜுக்குத் தாம்பரத்திலேயே இறங்கி லோக்கல் பிடித்தால் போதும். ரயிலில் இடம் கிடைக்காமல் பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். கோயம்பேட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தாயிற்று. நம் ஊர்ப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பெரிய கோயில் கோபுரத்தைத் தேடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள்தானே நீ?

போனில் 'சென்னை ஒன்' செயலியைப் போட்டுக்கொள். 2025-ல் வந்தது; பஸ், லோக்கல், மெட்ரோ மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். நீ போனுக்கு சார்ஜ் போட மறக்கிறவள். பர்ஸில் சில்லறையும் இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா