பப்பாளியைக் காத்த மரபணு

பப்பாளியில் வளையப்புள்ளி நோய் கண்டால் இலை சிறுத்துச் சுருங்கும், காயில் வளையங்கள் தோன்றும், விளைச்சல் குன்றும். அசுவினிப் பூச்சி பரப்பும் இந்த வைரஸ் நோய்க்கு மருந்தில்லை. எனினும் இதனை வென்ற நாட்டினர் உண்டு.

ஹவாய்த் தீவின் பூனா வட்டாரத்தில் 1992-இல் இந்நோய் புகுந்து தோட்டங்களைப் பாழாக்கிற்று. டென்னிஸ் கொன்சால்வெஸ் குழுவினர் அந்த வைரஸின் மேலுறைப் புரத மரபணுவையே பப்பாளியிற் புகுத்தினர். வைரஸ் நுழைந்தாலும் பெருக இயலாதாயிற்று. 1998-இல் 'ரெயின்போ' இரகம் உழவர்க்குக் கிடைத்தது. தோட்டங்கள் மீண்டும் தழைத்தன.

ஆயினும் அவ்வெதிர்ப்பு ஹவாயிலுள்ள வைரஸுக்கே ஏற்றது. பிற நாட்டு வைரஸ் வகைகள் பல அவ்விரகத்தையும் தாக்கும். நம் நாட்டில் அத்தகைய பப்பாளியைப் பயிரிட அனுமதியும் இல்லை. எனவே நாம் தோட்டத்தைச் சுற்றி முன்கூட்டியே மக்காச்சோளம் விதைத்து, நோயுற்ற கன்றுகளை உடனே பிடுங்கி அழித்தல் வேண்டும். அண்டைத் தோட்டத்தில் நோயிருக்க, தம் தோட்டத்தை மட்டும் காத்தல் அரிது. ஆதலின் பஞ்சாயத்து முன்னின்று ஊர் முழுவதும் ஒருங்கே இதனைச் செய்விக்குமாறு வேண்டுகிறோம்.