இரு வேலைகளுக்கு நடுவே
தற்காலிக ஆசிரியரும் வேலையில்லாக் கால உதவியும்

ஏப்ரல் மாதத்துக் கடைசி நாள். விடைத்தாள் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு அலுவலக அறைக்குச் சென்றேன். "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் சார், ஜூனில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். படித்துப் பாராமலே போட்டேன். அது பணிவிலகல் கடிதம்! எம்.எஸ்சி. சேருமுன் ஐதராபாத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஓராண்டு பௌதிகம் கற்பித்த கதை இது. எனக்கு நேர்ந்த நட்டம் ஒரு மாதச் சம்பளந்தான். ஆனால், என்னருகே நின்று அத்தகைய தாளிலேயே கையெழுத்திட்ட ஆசிரியை ஆறாண்டுப் பணியும் இரு குழந்தைகளும் உடையவர். அவர் அன்று எதனை இழந்தார்? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பட்டம் பெற்றபின் நம்மிற் பலர் ஏறும் முதற்படி தற்காலிக ஆசிரியப் பணியே. ஆதலின் இப்பாடம் நமக்குப் புறம்பானதன்று.

உரிமையா, உதவியா?

நம் அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றால் வாடுவோர்க்கு அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு உதவ வேண்டும் என்கிறது. ஆனால் 37-ஆம் பிரிவோ, இத்தகைய நெறிகளை நீதிமன்றத்தின் வாயிலாக வற்புறுத்திப் பெற இயலாது என்கிறது. எனவே இது வாக்குறுதியே ஒழியக் கடன்பத்திரம் அன்று.

பிற நாடுகள் வேறு வழி கண்டன. இங்கிலாந்து 1911-இலேயே கட்டிட வேலை, கப்பல் கட்டும் தொழில் முதலிய சிலவற்றுக்குக் கட்டாய வேலையின்மைக் காப்பீடு ஏற்படுத்திற்று. அமெரிக்காவிலோ ஆசிரியர்க்கென ஒரு தனித் தடை உண்டு. அடுத்த பருவத்தில் வேலை கிடைக்கும் என்ற நியாயமான உறுதி இருப்பின் விடுமுறைக் காலத்துக்கு உதவித்தொகை இல்லை. சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியொன்றின் பகுதிநேர ஆசிரியர்கள் வழக்காடினர். மாணவர் சேர்க்கையையும் நிதியையும் பொறுத்த வேலை உறுதியான வேலை ஆகாது என்று 1989-இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "ஜூனில் பார்க்கலாம்" என்பது உறுதிமொழியா? அவ்வாசிரியர் எழுப்பிய கேள்வியும் இதுவே அன்றோ!

நம் நாட்டில் ஆசிரியர்க்கு வேறொரு முட்டுக்கட்டை. கோவாவில் பணிநீக்கப்பட்ட ஓர் ஆசிரியையின் வழக்கில், கைத்தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்புக் கூறிற்று. கற்பித்தல் உயர்ந்த பணி என்று போற்றப்பட்டது. ஆனால் தொழிலாளிக்குள்ள காப்பு கிட்டவில்லை!

ஐதராபாத் கண்ட காட்சி

2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது தனியார் பள்ளி ஆசிரியர் பலர் ஊதியமின்றித் தவித்தனர். 2021 ஏப்ரலில் தெலங்கானா அரசு, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளின் ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்தது. நல்ல செயலே, எனினும் அது இடர்க்கால உதவி, நிலைத்த உரிமை அன்று.

காப்பீடு என்னும் மின்தேக்கி

மின்சுற்றில் மின்தேக்கி என்ன செய்கிறது? மின்னழுத்தம் உயரும்போது சேமித்து, தாழும்போது கொடுக்கிறது. ஊதியத்துக்கு அத்தொண்டைச் செய்வது இ.எஸ்.ஐ. காப்பீடு. அரசின் அறிவிக்கையால் பல மாநிலங்களில் இது கல்வி நிலையங்களுக்கும் விரிந்தது. 2019 ஜூலையில் தொழிலாளர் பங்கு 0.75 விழுக்காடாகவும், நிர்வாகத்தின் பங்கு 3.25 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன. மாதம் 18,000 ரூபாய் பெறுபவர்க்கு அக்கணக்கில் அவர் பங்கு 135, பள்ளியின் பங்கு 585.

இக்காப்பீட்டின்கீழ் 2018 ஜூலை 1 முதல் 'அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா' தொடங்கப்பட்டது. முதலில் சராசரி நாள் ஊதியத்தில் கால்பங்கு, 2020-இல் அரைப்பங்கு, கூடுதலாக 90 நாட்களுக்கு என அமைந்தது. மேற்சொன்னவரின் நாள் ஊதியம் 600 ரூபாய், பாதி 300, 90 நாட்களுக்கு 27,000 ரூபாய். இரண்டாண்டுகளேனும் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறையே பெறலாம். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டோர்க்கும் விருப்ப ஓய்வு பெற்றோர்க்கும் இது கிடையாது.

இப்பொழுது அந்த ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். அவர் சம்பளத்தில் மாதந்தோறும் இப்பிடித்தம் நடந்தது. ஆறாண்டுப் பணியும் இருந்தது. ஆனால், 'நானே விலகுகிறேன்' என்று அவர் கையெழுத்தே சான்று கூறும்போது, 'என்னை நீக்கினர்' என்று அவர் வாதிடுவது எங்ஙனம்? அவருடைய கோரிக்கையின் வேரையே அத்தாள் அறுத்துவிட்டது. எனக்கோ ஓராண்டுப் பணிதான், கையெழுத்திடாமலிருந்தாலும் கிடைத்திராது.

நாம் செய்யத்தக்கவை

ஒன்று: பணியேற்கும் நாளிலேயே நியமனக் கடிதமும் இ.எஸ்.ஐ. எண்ணும் கேட்டுப் பெறுக. சம்பளச் சீட்டுகளைப் பாதுகாத்து வைக்க.

இரண்டு: படிக்காமல் எதிலும் கையெழுத்திடற்க. நிர்வாகமே பணியை முடிக்கின்றதெனில், அவ்வாறே எழுதித் தரும்படி பணிவுடன் கேட்க.

மூன்று: வேலை போனதும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தை அணுகுக. இத்திட்டம் அவ்வப்போது கால நீட்டிப்புப் பெற்று வருவதாதலின், அன்றைய நிலையைக் கேட்டறிந்து விண்ணப்பிக்க.

நான்கு: தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர். அங்கே 2006-இல் தொடங்கிய உதவித்திட்டம் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் வகுத்தது. பதிந்து ஐந்தாண்டு கடந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. கல்லூரியில் பயில்வோர்க்கு இல்லை. இன்று நமக்குப் பயன்படாவிடினும் பதிவின் மூப்பு வளரட்டும்.

நண்பர்களே! வெளியூரில் வாழும் நமக்கு, சம்பளம் நின்ற மாதத்தில் அரிசி கடன் தரும் தெரிந்த கடைக்காரரும் இல்லை. பாடம் நடத்தப் போகுமுன் இப்பாடத்தைக் கற்றுச் செல்வோம். அந்த ஆசிரியை ஜூனில் மீண்டும் அழைக்கப்பட்டார். புதியவராக, ஆறாண்டுக்கு முந்திய சம்பளத்தில்!