ஒலிபெருக்கியும் அறையும்

கடையில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை இணைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலி கும்மென்று எழுகிறது. பாடகரின் குரல் தெளிவாக நடுவிலிருந்து வருகிறது. அதே பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்ததும் மிருதங்கம் தகரத்தைத் தட்டுவது போல் ஒலிக்கிறது. அல்லது எல்லாம் ஒரே முழக்கமாகிப் பாட்டின் சொற்களே விளங்குவதில்லை. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், இன்னும் விலை உயர்ந்ததை வாங்கியிருக்க வேண்டும்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

மாணவ நண்பர்களே! அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன், ஒலியியல் பாடத்தில் நீங்கள் படித்தவற்றைச் சற்று நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். குறை பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை. கம்பி இணைப்பிலோ அறையிலோதான் இருக்கும். இரண்டையும் அதிகச் செலவின்றிச் சரிசெய்யலாம்.

கூம்பு எந்தப் பக்கம் நகர்கிறது?

ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு நிலைக்காந்தமும், அதன் இடைவெளியில் அசையக்கூடிய கம்பிச்சுருளும் உள்ளன. சுருளோடு காகிதக் கூம்பு ஒட்டப்பட்டிருக்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால், காந்தப்புலம் அதன் மீது விசையைச் செலுத்துகிறது, கூம்பு நகர்கிறது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் கூம்பு எதிர்ப்பக்கம் நகரும். மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது கூம்பு முன்னும் பின்னும் அதிர்ந்து காற்றில் அலைகளை எழுப்புகிறது.

ஓர் எளிய சோதனை. பெருக்கியிலிருந்து முற்றிலும் கழற்றிய, கூம்பு கண்ணுக்குத் தெரியும் பெரிய ஒலிபெருக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும், எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். 'டப்' என்ற ஒலியுடன் கூம்பு வெளியே தள்ளப்படும். கம்பிகளை மாற்றித் தொட்டால் உள்ளே இழுக்கப்படும். தொட்டபடியே வைத்திருக்க வேண்டாம். சிறிய உயர்சுருதி ஒலிபெருக்கிகளில் இதைச் செய்யவும் வேண்டாம்.

இப்போது இரண்டு பெட்டிகளில் ஒன்றை மட்டும் கம்பி மாற்றி இணைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூம்பு காற்றைத் தள்ளும் அதே கணத்தில் மற்றது காற்றை இழுக்கிறது. இரு அலைகளும் எதிரெதிர்க் கட்டத்தில் உள்ளன. அவை சேருமிடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன.

அப்படியானால் எல்லா ஒலியும் மறைந்துவிட வேண்டுமே, தாழ்ந்த ஒலி மட்டும் குறைவானேன்? விடை அலைநீளத்தில் இருக்கிறது. நம் ஊர் வெப்பநிலையில், அதாவது சுமார் 30 டிகிரி செல்சியஸில், காற்றில் ஒலியின் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 350/50 = 7 மீட்டர். நீங்கள் நடுவிலிருந்து சற்று விலகி அமர்வதால் இரு பெட்டிகளின் தொலைவில் அரை மீட்டர் வேறுபாடு ஏற்பட்டாலும், அது 7 மீட்டரில் சிறு பங்குதான். ஆகவே அழிவு ஏறக்குறைய முழுமையாகவே நிகழ்கிறது. 3500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 10 சென்டிமீட்டர்தான். தலையை 5 சென்டிமீட்டர் திருப்பினாலே கட்டம் மாறிவிடுகிறது. ஓரிடத்தில் அழிவு, பக்கத்திலேயே வலுப்பு. எனவே பாட்டு கேட்கிறது. தொப்பி ஒலி மட்டும் காணாமற்போகிறது.

மின்கலம் இல்லாமலும் இதைச் சோதிக்கலாம். இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து, தாழ்ந்த ஒலி நிறைந்த இசையைப் போடுங்கள். பெருக்கியை நிறுத்திவிட்டு, ஒரு பெட்டியின் கம்பிகளை மட்டும் மாற்றி இணைத்து மீண்டும் கேளுங்கள். எந்த இணைப்பில் தாழ்ந்த ஒலி நிறைவாக இருக்கிறதோ அதுவே சரியான இணைப்பு.

எத்தனை ஓம்?

பெட்டியின் பின்புறம் '8 ஓம்' என்று எழுதியிருக்கும். இது மாறுதிசை மின்னோட்டத்திற்கு ஒலிபெருக்கி காட்டும் எதிர்ப்பு. பன்னோக்கு மீட்டரால் அளந்தால் சுமார் 6 ஓம்தான் காட்டும். மீட்டர் அளப்பது கம்பிச்சுருளின் நேர்மின் தடையை மட்டுமே. அதைக் கண்டு பெட்டி பழுது என்று எண்ண வேண்டாம்.

ஒரே முனைகளில் இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தம் 4 ஓம். மூன்றை இணைத்தால் 2.7 ஓம். எதிர்ப்புக் குறையக் குறையப் பெருக்கி அதிக மின்னோட்டத்தைத் தர வேண்டியிருக்கிறது. '4 முதல் 8 ஓம் வரை' என்று குறித்த பெருக்கியில் மூன்றாவது பெட்டியைச் சேர்த்தால் அது சூடேறும், பழுதாகவும் கூடும்.

கம்பியையும் கவனியுங்கள். பெருக்கிக்கும் பெட்டிக்கும் 10 மீட்டர் தொலைவு என்றால், போகவும் வரவும் 20 மீட்டர் செப்புக் கம்பி. செம்பின் தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம்-மீட்டர். குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர் என்றால் தடை 0.34 ஓம், 8 ஓம் பெட்டிக்கு இது பொருட்டல்ல. பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டரே உள்ள மெல்லிய கம்பி என்றால் தடை 1.7 ஓம். திறனில் ஏறத்தாழ 17 சதவீதம் கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். கம்பி தடிமனாக இருந்தால் போதும்; தங்க முலாம் பூசியதாக இருக்க வேண்டியதில்லை.

அறை என்னும் காற்றுத் தம்பம்

சோதனைச்சாலையில் இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தை மாற்றி ஒத்ததிர்வைக் கண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுக் கூடமும் அத்தகைய காற்றுத் தம்பமே; இரு முனைகளும் சுவரால் மூடப்பட்ட தம்பம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பி நிலையான அலைகளை உண்டாக்குகிறது. சுவர்களின் இடைவெளி அரை அலைநீளத்திற்குச் சமமாகும்போது முதல் ஒத்ததிர்வு நிகழும். இடைவெளி L என்றால் அதன் அதிர்வெண் 350/2L.

நீளம் 5 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 50, உயரவாக்கில் 58. இவற்றின் மடங்குகளான 70, 100, 117 முதலியனவும் ஒத்ததிரும். இந்த அதிர்வெண்களை ஒட்டிய ஒலிகள் மட்டும் தனியே முழங்கும். மூன்று அளவுகளும் 3.5 மீட்டராக இருந்தால் என்ன ஆகும்? மூன்று ஒத்ததிர்வுகளும் 50 ஹெர்ட்ஸிலேயே குவிந்து, அந்த ஒரு சுரம் மற்றவற்றை விழுங்கிவிடும். சதுர அறை இசைக்கு ஏற்றதல்ல என்பது இதனால்தான்.

சுவரருகே காற்றுத் துகள்கள் நகர முடியாது. ஆகவே அங்கே அழுத்த மாறுபாடு மிகுதி. நம் காது உணர்வது அழுத்த மாறுபாட்டையே. எனவே சுவரில் சாய்ந்து அமர்ந்தால் தாழ்ந்த ஒலி மிகையாகக் கேட்கும். முதல் ஒத்ததிர்வில் இரு சுவர்களுக்கும் நட்ட நடுவே அழுத்த மாறுபாடு சுழியாகும். அங்கே அமர்ந்தால் அது கேட்கவே கேட்காது. பின் சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி அமர்வது நல்ல தொடக்கம். பெட்டியை மூலையில் வைத்தால் மூன்று திசை ஒத்ததிர்வுகளையும் அது ஒருங்கே தூண்டும். முழக்கம் மிகுதி என்றால் மூலையிலிருந்து வெளியே இழுங்கள். தாழ்ந்த ஒலி போதவில்லை என்றால் சுவரை நோக்கி நகர்த்துங்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒலி மூலத்தையும் கேட்பவரையும் இடம் மாற்றினாலும் கேட்கும் அளவு மாறாது என்னும் விதியை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860இல் வெளியிட்டார். ஆகவே பெட்டியை நீங்கள் அமரும் நாற்காலியில் வையுங்கள். தாழ்ந்த ஒலி உள்ள இசையைப் போட்டுவிட்டு, பெட்டி இருக்க வேண்டிய உயரத்தில் காதை வைத்தபடி, சுவரோரமாக மெல்ல நகர்ந்து கேளுங்கள். எங்கே ஒலி சீராக இருக்கிறதோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டு நீங்கள் நாற்காலிக்குத் திரும்புங்கள். இரு பெட்டிகளும் நீங்களும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணத்தின் மூன்று உச்சிகளில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மெத்தைகளைச் சுமந்த பேராசிரியர்

இனி, சொற்கள் விளங்காத முழக்கம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில், பேசுபவரின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து மாணவர்களுக்கு விளங்கவில்லை. 1895இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சாபின் என்பவரிடம் வந்தது. ஓசை அடங்கிய இரவு நேரங்களில், பல்கலைக்கழக நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை மண்டபத்திற்குக் கொண்டுவந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி மறைய ஆகும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. இவ்வாறு கிடைத்த சூத்திரம்:

T = 0.161 V / A

T என்பது எதிர்முழக்க நேரம். ஒலிச்செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நொடிகள். V என்பது கன மீட்டரில் அறையின் பருமன். A என்பது மொத்த உட்கவர்தல். ஒவ்வொரு பரப்பையும் அதன் உட்கவர் எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். திறந்த ஜன்னல் வழியே சென்ற ஒலி திரும்பி வராது; எனவே அதன் உட்கவர் எண் 1. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் நகரின் இசையரங்கு சாபினின் சூத்திரத்தைக் கொண்டே வடிவமைக்கப்பட்டது.

நம் கூடத்துக்குக் கணக்கிடுவோம். பருமன் 52.5 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 86 சதுர மீட்டர். பூச்சு வேலை செய்த சுவருக்கு உட்கவர் எண் சுமார் 0.03. எனவே A = 2.6; T = 3.3 நொடி! 1.5 சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்தால் A = 4.1; T = 2.1 நொடி. 8 சதுர மீட்டர் பரப்புக்கு மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை தொங்கவிட்டு (உட்கவர் எண் 0.5 எனக் கொள்வோம்), நான்கு பேரும் அமர்ந்தால் (ஒருவருக்கு 0.4) A = 9.7; T = 0.9 நொடி. பாட்டின் சொற்கள் தெளிவாகிவிடும்.

திரையை எங்கே தொங்கவிடுவது? நீங்கள் நாற்காலியில் அமர, தம்பியோ தங்கையோ பக்கச் சுவரையொட்டி ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடியில் பெட்டி தெரிகிறதோ, அங்கே மோதித்தான் ஒலி உங்களிடம் வருகிறது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமல்லவா? திரையை அங்கே போடுங்கள்.

ஆனால் திரையால் எல்லாம் ஆகாது. காற்று இடைவெளி உட்பட, உட்கவரும் அமைப்பின் ஆழம் கால் அலைநீளத்தை ஒட்டி இருந்தால்தான் அது நன்கு உட்கவரும். 50 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 1.75 மீட்டர்! எனவே தாழ்ந்த ஒலியைப் பெட்டியின் இடத்தாலும் இருக்கையின் இடத்தாலும் திருத்த வேண்டும். உயர்ந்த ஒலியைத் திரையாலும் மெத்தையாலும் திருத்த வேண்டும். இந்த வரிசையில் செய்தபின் குறை எஞ்சினால் மட்டும் பெருக்கியிலுள்ள திருகுகளைத் தொடுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறை. சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் உட்கவர் எண் 0.03. அறை வெறுமையாக இருக்கும்போது எதிர்முழக்க நேரம் 4.6 நொடி, 40 மாணவர்கள் அமர்ந்தால் 1.2 நொடி. இவற்றைச் சரிபாருங்கள். பிறகு பாதிப் பேர் வராத நாளுக்கும், 6 சதுர மீட்டர் ஜன்னல்களைத் திறந்துவைத்த நாளுக்கும் கணக்கிடுங்கள். நாம் நொடிக்கு நான்கைந்து அசைகள் பேசுகிறோம். முன் அசை அடங்கும் முன் பின் அசைகள் வந்து சேர்கின்றன. கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பாடம் விளங்கவில்லை என்றால் அதற்குக் கவனக்குறைவுதான் காரணமா, சுவர்களா? உங்கள் வகுப்பறையை அளவுநாடாவால் அளந்து, விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.