விதையும் நிலமும்

புற்றுநோயை ஆராய்வோர் விதையை மட்டுமன்றி, அது வேரூன்றும் நிலத்தையும் நோக்குதல் வேண்டும். 1889ஆம் ஆண்டிலேயே ஆங்கில அறுவை வைத்தியர் ஸ்டீபன் பேஜெட் இவ்வுவமையை எடுத்துக்காட்டினார்.

கட்டியினுள் புற்றணுக்களேயன்றி, அவற்றைச் சூழ்ந்து நாரிழை நெய்யும் உயிரணுக்களும் உள. காயத்தை ஆற்றும் இனத்தனவாகிய இவை, புற்றின் வயப்பட்டபின் பெரும்பாலும் அதன் வளர்ச்சிக்கே துணைபோகின்றன. அக்காலை இவற்றின் மேற்பரப்பில் ‘ஃபாப்’ என்னும் புரதம் மிகுகின்றது. நலமுற்ற உடலிலோ அது மிகக் குறைவு.

இவ்வேறுபாட்டையே ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து அறிஞர் அடையாளமாகக் கொண்டனர். அப்புரதத்தைப் பற்றும் சிறு மூலக்கூற்றுடன் கதிர்வீசும் காலியம்-68ஐப் பிணைத்து நோயாளிகளுக்குச் செலுத்தி, புற்றுள்ள இடங்களைக் காட்டும் படங்களை 2018இல் வெளியிட்டனர். காலியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 68 நிமிடமே. ஆதலின் அது காண்டற்கு ஏற்றது. அழித்தற்கோ, 6.6 நாள் அரையாயுளுடைய லுட்டீசியம்-177 போன்றவற்றைப் பிணைத்து ஆராய்கின்றனர். ஆயின் அச்சிறு மூலக்கூறு கட்டியில் நெடிது தங்காமை ஓர் இடையூறாம்.

ஆறும் காயத்திலும் அழற்சியிலும் ஃபாப் தோன்றுமாதலின், படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்றெனத் துணிதல் தகாது. படத்தோடு நோயாளியின் வரலாற்றையும் ஒருங்கே ஆராய்ந்து முடிவுகாண்டலே வைத்தியர்க்கு அழகென்பதை நாம் மறவாதிருப்போமாக.