தலைக்குப் பொருந்தும் கவசம்

நுழையும்முன்

போர்க்களத்தில் உடலைக் காக்கும் கவசத்தைப் பழந்தமிழர் ‘மெய்ம்மறை’ என்றனர். வீரர்களுக்கு மெய்ம்மறை போன்றவர்கள் என்று சேர மன்னர்களைப் பதிற்றுப்பத்து போற்றுகிறது. இன்று நாள்தோறும் சாலையில் செல்வோர்க்கும் ஒரு மெய்ம்மறை தேவைப்படுகிறது. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

புணே நகருக்குத் தென்மேற்கே, முத்தா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லா அணை அமைந்துள்ளது. அணையைக் கடந்து செல்லும் சாலை சிங்ககட் கோட்டைக்கும் பான்ஷேத் அணைக்கும் வழிகாட்டுகிறது. 1670ஆம் ஆண்டு அக்கோட்டையை மீட்கும் போரில் தானாஜி மாலுசரே உயிர்நீத்தார். போரின் நடுவே கேடயம் உடைந்துபோகவே, அவர் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு போரிட்டார் என்பது மராத்தி மக்களிடையே வழங்கும் செய்தி. காக்கும் பொருள் உரிய நேரத்தில் பயன்படாமற்போனால் வீரனும் வீழ்வான்.

அதே மலைச்சாலையில் இன்று விடுமுறை நாள்களில் மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்துச் செல்கின்றன. சரளைக்கல்லும் மழைக்காலச் சேறும் வளைவுகளும் நிறைந்த இத்தகைய வழிகளுக்கென உருவானதே சாகசப் பயணத் தலைக்கவசம். நெற்றிக்கு மேலே நீண்டிருக்கும் விளிம்பு வெயிலையும் தெறிக்கும் சேற்றையும் தடுக்கும். முன்னோக்கி நீண்ட தாடைப்பகுதி, மூச்சு விடுவதற்கு இடம் தரும். ஆயினும் விரைந்து செல்லும்போது காற்று அவ்விளிம்பைப் பிடித்து மேலே தூக்க முயலும். ஆகவே, இவ்வகைக் கவசம் தளர்வாக இருந்தால் பிறவற்றைவிட எளிதில் ஆடும்.

ஒரு மருத்துவரின் கண்டறிதல்

1935ஆம் ஆண்டு மே மாதம், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது விபத்துக்குள்ளானார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள்களுக்குப் பின் உயிரிழந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எடுத்துரைத்தார். தலைக்கவசம் அணிவோர்க்கு உயிரிழப்பு வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய வாய்ப்பு ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைகின்றன என்று பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் கண்டனர்.

கவசம் காப்பது எவ்வாறு?

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றிருக்கும். வண்டி நின்ற நிலையில் சாய்ந்தாலும் தலை பெருங்காயம் அடையக்கூடும் என்பது இதனால் விளங்கும். கவசத்தின் கடினமான வெளி ஓடு, அடியைப் பரவச் செய்கிறது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற தடித்த அடுக்கு, நசுங்கிக்கொண்டே தலையை மெல்ல நிறுத்துகிறது. நிற்பதற்குக் கிடைக்கும் தொலைவு பத்து மடங்கானால், தலைமீது செயற்படும் சராசரி விசை பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஒருமுறை நசுங்கிய அடுக்கு மீண்டும் பழைய நிலையை அடையாது. எனவே, பலத்த அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

பொருத்தம் அறியும் முறை

1. புருவத்திற்குச் சற்று மேலே தொடங்கி, பின்தலையின் அகன்ற பகுதியைச் சுற்றித் தையல் நாடாவால் அளக்க வேண்டும். எழுத்தால் குறிக்கப்படும் அளவு நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். ஆகவே, சென்டிமீட்டர் அளவையே நம்ப வேண்டும்.
2. இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்டிருந்தால், சிறியதை முதலில் அணிந்து பார்த்தல் நன்று. உட்பஞ்சு நாளடைவில் சற்று அமுங்கும்.
3. கவசத்தை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பினால், கன்னத்தின் தோலும் உடன் நகர வேண்டும். தலை நிற்க, கவசம் மட்டும் சுழன்றால் அது பெரியது.
4. பதினைந்து நிமிடம் அணிந்திருக்க வேண்டும். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலியும் சிவந்த தடமும் தோன்றினால், கவசத்தின் உள்வடிவம் தலைக்கு ஒவ்வவில்லை எனலாம். வட்டத் தலையும் நீள்தலையும் ஒரே கவசத்தில் அடங்கா.
5. தாடைப்பட்டையைப் பூட்டியபின், பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பார்க்க வேண்டும். கழன்று வருமாயின், அக்கவசத்தை வாங்குதல் கூடாது.
6. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்னும் தர எண்ணும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

பின்னிருக்கையில் அமர்வோர்

பள்ளிக்குச் செல்லும் சிறுமி ஒருத்தி, அண்ணனின் கவசத்தை அணிந்து தந்தையின் பின்னால் அமர்கிறாள் எனக் கொள்வோம். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கவசம் அவள் கண்களை மறைக்கிறது. அவள் ஒரு கையால் கவசத்தையும் மறுகையால் தந்தையையும் பிடித்துக்கொள்கிறாள். சட்டத்தின் பார்வையில் அவள் கவசம் அணிந்தவள். விழுந்தால், அது தலையைவிட்டு முதலில் பறந்துவிடும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நான்கு வயதிற்கு மேற்பட்ட அனைவரும் இருசக்கர வண்டியில் தலைக்கவசம் அணிதல் வேண்டும். தலைப்பாகை அணியும் சீக்கியர்க்கு மட்டும் விலக்குண்டு. பொருத்தமான கவசத்தை வாங்கித் தருவது பெற்றோர் கடமை. பொருந்தாததைப் ‘பொருந்தவில்லை’ என்று தயங்காமல் சொல்வது பிள்ளைகளின் கடமை.

சொல்லும் பொருளும்

மெய்ம்மறை – உடற்கவசம்
இன்றியமையாமை – இல்லாமல் முடியாத தன்மை
ஒவ்வுதல் – பொருந்துதல்
விலக்கு – விதியிலிருந்து விடுபடும் உரிமை

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் தலைச்சுற்றளவையும் அளந்து அட்டவணைப்படுத்துக. அவரவர் கவசத்தின் அளவோடு ஒப்பிடுக.
2. அடிபட்ட கவசத்தை ஏன் மீண்டும் பயன்படுத்தக் கூடாது? காரணம் எழுதுக.
3. “பக்கத்துக் கடைக்குத்தானே போகிறேன், கவசம் எதற்கு?” என்று கேட்கும் மாமாவிற்கு, பாடச் செய்திகளைக் கொண்டு ஐந்து வரிகளில் மறுமொழி எழுதுக.
4. கவசம், கேடயம், மெய்ம்மறை ஆகிய சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.